கேள்வி – பதில்: உதவிப் பணியிலிருந்து ஆளுநர் கதிரைக்கு

சென்ற இதழின் உலகச் செய்திப் பக்கத்தில், ஆப்கானிஸ்தானின் முதலாவது பெண் மாகாண ஆளுநரான ஹபீபா சராபி பற்றிச் சிறு குறிப்பு ஒன்றை வெளியிட்டிருந்தோம். மனிதாபிமானப் பணியிலிருந்து வந்த ஒருவர் பாமியன் மாகாணத்தை எட்டு ஆண்டுகள் நிர்வகித்தார் என்பதே அக்குறிப்பின் சாரம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து அது குறித்து வந்த கடிதங்களின் தொகை எம்மை வியப்பில் ஆழ்த்தியது. ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்குகிறோம். வேறு விடயங்களைக் கேட்டிருந்தவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

ஆளுநராவதற்கு முன்னர் அவர் செய்த மனிதாபிமானப் பணி எத்தகையது? பெயருக்கு ஒரு நிறுவனத்தில் இருந்தவரா, உண்மையில் வேலை செய்தவரா?
– ஆசிரியை ஒருவர், கல்லடி

உண்மையில் வேலை செய்தவர்தான். 1956 இல் பிறந்த சராபி, காபூலில் மருத்துவத்துறைக் கல்வியை முடித்தபின், உலக சுகாதார நிறுவனத்தின் புலமைப்பரிசிலில் இந்தியாவுக்குச் சென்று குருதியியலில் மேற்படிப்புப் படித்தார். 1996 செப்டெம்பரில் தலிபான்கள் காபூலைக் கைப்பற்றிப் பெண்களின் கல்வியையும் தொழிலையும் தடைசெய்தபோது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாகிஸ்தானின் பெஷாவருக்குப் போய்ச் சேர்ந்தார். குடும்பத்தின் முதியவர்களைப் பராமரிப்பதற்காகக் கணவர் காபூலிலேயே தங்கிவிட்டார்.

பெஷாவரைச் சுற்றியிருந்த அகதி முகாம்களில் ஆப்கான் சிறுமிகளுக்குக் கற்பித்தார். 1998 இல், சகீனா யாகூபி என்ற பெண்மணி 1995 இல் தொடங்கிய ஆப்கான் கற்றல் நிறுவனத்தில் இணைந்து, பின்னர் அதன் பொது முகாமையாளரானார். தலிபான் ஆட்சியில் ஆப்கானிஸ்தானுக்குள் வீடுகளில் மறைவாக நடந்த பெண்பிள்ளைகளின் வகுப்புகளுக்கு ஆசிரியரும் புத்தகமும் சம்பளமும் ஏற்பாடு செய்தது இந்நிறுவனம். சராபி எல்லை தாண்டி இரகசியமாக உள்ளே போய்வந்து அவ்வேலையில் பங்குகொண்டார். ஆப்கான் பெண்களுக்கும் சிறுவர்களுக்குமான மற்றொரு மனிதாபிமான உதவி அமைப்பிலும் அவர் உபதலைவராக இருந்தார்.

2001 இன் இறுதியில் தலிபான் ஆட்சி வீழ்ந்தபின், 2002 முதல் 2004 வரை பெண்கள் விவகார அமைச்சராகப் பணியாற்றினார். அமைச்சுப் பதவி முடிந்ததும் ஜனாதிபதி ஹமீட் கர்சாயிடம் மாகாண ஆளுநர் பதவியைத் தானே கேட்டார். 2005 மார்ச்சில் பாமியன் கிடைத்தது. அமைச்சராக இருந்தவர்கள் அதற்குப்பின் வெளிநாட்டுத் தூதுவர் பதவியைத்தான் பெரும்பாலும் எதிர்பார்ப்பார்கள். மண் வீதியும் பனியும் நிறைந்த ஒரு மலைநாட்டு மாகாணத்தைக் கேட்டு வாங்கியவர் என்பதே அவரைப் பற்றி முதலில் சொல்லவேண்டியது என்பது எமது கருத்து.

தலிபான்கள் உருவான ஒரு நாட்டில் பெண்ணொருவரை ஆளுநராக மக்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள்?
– பல்கலைக்கழக மாணவி, காத்தான்குடி

ஆப்கானிஸ்தான் முழுவதையும் ஒரே மாதிரியான நாடாக எண்ணிவிடுவதால் வரும் கேள்வி இது. நாட்டின் நடுவே கிடக்கும் பாமியனில் வாழ்பவர்களில் பெரும்பான்மையானோர் ஹஸாரா இனத்தைச் சேர்ந்த ஷியா முஸ்லிம்கள், சராபியும் ஹஸாராவே. பிற இனத்தவரால் நெடுங்காலம் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்த அம்மக்கள் தலிபான்களின் கையில் பெரும் கொடுமைகளை அனுபவித்தார்கள். 2001 ஜனவரியில் பாமியனைச் சேர்ந்த யகாவ்லாங் பகுதியில் ஏறத்தாழ 170 ஆண்களைத் தலிபான்கள் பிடித்துச் சுட்டுக் கொன்றதை மனித உரிமை அமைப்புகள் பதிவுசெய்துள்ளன. அதே ஆண்டு மார்ச்சில்தான் பாமியன் பள்ளத்தாக்கின் மாபெரும் புத்தர் சிலைகளும் அவர்களால் தகர்க்கப்பட்டன. ஆகவே தலிபான்களின் கொள்கைக்கு அங்கே செல்வாக்கில்லை. பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதில் பல குடும்பங்கள் ஆர்வமாகவே இருந்தன.

அதற்காக அவருடைய வழி சுத்தமாகத் திறந்திருந்தது என்று கருதவேண்டாம். உள்நாட்டுப் போர்க்காலத்தில் துப்பாக்கியின் பலத்தால் ஊர்களை ஆண்டுவந்த தளபதிகள் அங்கும் இருந்தார்கள். ஆயுதக் குழு எதுவுமில்லாத ஒரு பெண்ணிடமிருந்து கட்டளை பெறுவது அவர்களுக்குக் கசந்தது. அவர்கள் காட்டிய எதிர்ப்புக்கு மார்க்கத்தைக் காரணம் சொன்னாலும், உள்ளேயிருந்தது பெரும்பாலும் அதிகாரப் போட்டியே.

நான் நிர்வாக சேவையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆப்கான் மாகாண ஆளுநர் எமது அரசாங்க அதிபரைப் போன்றவரா, மாகாண ஆளுநரைப் போன்றவரா? அவருக்கு என்ன அதிகாரம்?
– வாசகர், அக்கரைப்பற்று

நல்ல கேள்வி, இதைத் தெரிந்துகொள்ளாமல் சராபியின் பணியை எடைபோட முடியாது.

ஆப்கான் ஆளுநரை அங்கே ‘வாலி’ என்பார்கள். 2004 ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி ஆப்கானிஸ்தான் ஒற்றையாட்சி நாடு. 34 மாகாணங்களின் வாலிகளையும் ஜனாதிபதியே நியமித்தார். மாகாண சபைகளுக்கு 2005 செப்டெம்பரில் முதல் தேர்தல் நடந்தபோதிலும், அச்சபைகளால் சட்டம் இயற்றவோ வாலியை நீக்கவோ முடியாது. ஆலோசனை சொல்லலாம், மேற்பார்வை செய்யலாம், அவ்வளவே. முதலில் உள்நாட்டு அமைச்சின் கீழிருந்த வாலிகள், 2007 இல் ஜனாதிபதியின் கீழ் உருவாக்கப்பட்ட உள்ளூராட்சிக்கான சுயாதீனப் பணிப்பகத்தின் கீழ் கொண்டுவரப்பட்டனர்.

அந்த அளவில் வாலி எமது அரசாங்க அதிபரையே பெரிதும் ஒத்தவர்: மத்திய அரசின் பிரதிநிதி, திணைக்களங்களை ஒருங்கிணைப்பவர், அனர்த்தம் வந்தால் முதலில் அழைக்கப்படுபவர். ஆனால் அரசாங்க அதிபர் நிர்வாக சேவையில் படிப்படியாக உயர்ந்து வருபவர். வாலி எங்கிருந்தும் வரலாம். தளபதி, பேராசிரியர், கவிஞர், தொண்டு நிறுவனப் பணியாளர் எல்லோரும் வாலிகளாக இருந்திருக்கிறார்கள். நியமனத்தைப் பொறுத்தவரை அவர் எமது மாகாண ஆளுநரையே ஒத்தவர். 1987 இன் 13 ஆவது திருத்தத்தின்படி எமது ஆளுநரும் ஜனாதிபதியால் நியமிக்கப்பட்டு அவர் விரும்பும் வரையே பதவியில் இருப்பவர். ஓய்வுபெற்ற படையதிகாரிகளும் அரசியல்வாதிகளும் அந்தக் கதிரையில் மாறிமாறி அமர்ந்ததைக் கிழக்கில் நாம் கண்டிருக்கிறோம். எமது மாகாண சபையின் பதவிக்காலம் 2017 இல் முடிந்தபின் தேர்தலின்றி ஆளுநரின் கையிலேயே நிர்வாகம் பல ஆண்டுகள் இருந்ததால், வாலி என்பவரைக் கற்பனை செய்வது கிழக்கிலங்கை வாசகர்களுக்குக் கடினமாக இராது.

முக்கியமான வேறுபாடு பணத்தில் இருக்கிறது. வாலியிடம் வரி விதிக்கும் அதிகாரமோ சொந்தமான வரவுசெலவுத் திட்டமோ கிடையாது. பாடசாலைக்குரிய பணம் காபூலிலுள்ள கல்வி அமைச்சிலிருந்து மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு நேரே போகும். வீதிக்கும் வைத்தியசாலைக்கும் அவ்வாறே. திணைக்களத் தலைவர்கள் வாலியின் கூட்டத்துக்கு வருவார்கள், ஆனால் கணக்குக் காட்டுவது தத்தம் அமைச்சுக்கே. மக்களோ வீதி குண்டும் குழியுமாக இருந்தால் வாலியின் வாசலுக்குத்தான் வருவார்கள்.

சுனாமிக்குப் பின்னர் தொண்டு நிறுவனங்களில் வேலைசெய்த எத்தனையோ பேரில் நானும் ஒருவன். அந்த அனுபவம் ஆளுநர் பதவிக்கு உண்மையில் உதவுமா?
– வாசகர், திருக்கோவில்

ஓரளவுக்கு உதவும், எந்த அளவுக்கு என்பது மாகாணத்தைப் பொறுத்தது.

அதிகாரமும் பணமும் இல்லாத பதவியில் இருப்பவருக்கு எஞ்சியிருப்பது இணங்கவைக்கும் ஆற்றல் ஒன்றே. அகதி முகாமில் வேலைசெய்தவருக்கு அது பழக்கமான கலை. தேவையை எழுத்தில் வைத்துக் கொடையாளரிடம் முன்மொழிவாகக் கொடுப்பது, ஊர்ப் பெரியவர்களை அமர்த்திப் பேசவைப்பது, பெண்களைத் தனியே சந்தித்து ஆண்கள் சொல்லாததைக் கேட்டறிவது, வந்த பணத்துக்குக் கணக்கு வைப்பது ஆகியவற்றை சராபி பெஷாவரிலேயே கற்றிருந்தார். பாமியனில் அப்போது, பாதுகாப்போடு அபிவிருத்தித் திட்டங்களையும் கவனித்த, நியூசிலாந்துப் படையினரைக் கொண்ட மாகாண மீள்கட்டுமான அணி இருந்தது. அந்த வெளிநாட்டவரோடு ஆங்கிலத்தில் நேரடியாகப் பேசித் திட்டங்களைப் பெறக்கூடிய ஒருவர் வாலியாக இருந்தது மாகாணத்துக்கு நன்மையாயிற்று.

ஆனால் இதே தகைமை வேறிடத்தில் போதாமற்போனது. ஹெல்மண்ட் மாகாணத்தில் 2005 இன் இறுதியில், ஷேர் முகமது அகுந்த்ஸாதா என்ற பலம்வாய்ந்த வாலி நீக்கப்பட்டார். அவருடைய அலுவலகத்தில் அவ்வாண்டு சுமார் 9 தொன் அபின் பிடிபட்டிருந்தது. அங்கே படைகளை அனுப்பவிருந்த பிரித்தானியாவின் வற்புறுத்தலில், தொண்டு நிறுவன அனுபவமுள்ள பொறியியலாளர் முகமது தாவூத் நியமிக்கப்பட்டார். நேர்மையானவர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அவருக்குப் பின்னால் குலமும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. நீக்கப்பட்டவரிடம் இரண்டும் இருந்தன. 2006 முழுவதும் ஹெல்மண்ட் தீப்பற்றி எரிந்தது. டிசம்பரில் தாவூத் நீக்கப்பட்டார்.

மற்றொருவர் முகமது ஹலீம் ஃபிதாய். அரச சார்பற்ற நிறுவனங்களில் பணியாற்றிவிட்டு 2008 இல் காபூலுக்கு அயலிலுள்ள வார்தக் மாகாணத்தின் வாலியானார். அவர் காலத்தில், 2009 இல், அமெரிக்கரின் ஆதரவுடன் உள்ளூர் இளைஞர்களுக்கு ஆயுதம் கொடுத்துக் காவல் படையொன்று அங்கே அமைக்கப்பட்டது. ஊர்காவல் படை என்றால் என்ன, அது ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையில் என்ன செய்யும் என்பதை எமது வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. தொண்டு நிறுவனத்தில் இருந்தபோது நடுநிலை காத்தவர், ஆளுநர் கதிரையில் அமர்ந்ததும் போரில் ஒரு தரப்பாகிவிடுகிறார். உதவிப் பணியாளருக்கு இருக்கும் பாதுகாப்பு அந்த நடுநிலையே. அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இப்பதவிக்குள் நுழையவேண்டும்.

விலை கொடுத்தவர்களும் உண்டு. பக்தியா வாலியாக இருந்த சமூகவியல் பேராசிரியர் ஹக்கீம் தனிவால் 2006 செப்டெம்பர் 10 இல் தமது அலுவலகத்தின் வெளியே தற்கொலைக் குண்டுதாரியால் கொல்லப்பட்டார். மறுநாள் அவருடைய இறுதிச் சடங்கிலும் குண்டு வெடித்தது. லோகர் வாலி அர்சலா ஜமால் 2013 ஒக்டோபர் 15 இல், ஹஜ்ஜுப் பெருநாளன்று, பள்ளிவாசலில் ஒலிவாங்கிக்கு அருகே மறைக்கப்பட்டிருந்த குண்டுக்குப் பலியானார்.

உங்கள் அனுபவம் வீணல்ல. ஆனால் தொண்டு நிறுவனம் தனது பயனாளிகளைத் தெரிவுசெய்துகொள்ளும். திட்டக் காலம் முடிந்ததும் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போகும். இதைச் சுனாமிக்குப் பின்னர் எமது கரையோரம் முழுவதும் பார்த்தோம். பட்டியலில் இடம்பெறாதவர்களுக்கும் பதில் சொல்லவேண்டியவர் ஆளுநர். அந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டு வருபவரே நிலைக்கிறார்.

பாமியனில் சுற்றுலாவை வளர்த்தார் என்று படித்தேன். போர் நடக்கும் நாட்டில் சுற்றுலாவா?
– விடுதி நடத்துபவர், பாசிக்குடா

நம்புவதற்குக் கடினம்தான். பந்த்-இ-அமீர் என்பது பாமியன் நகருக்கு மேற்கே உயர்ந்த மலைகளிடையே கிடக்கும் ஆறு ஏரிகளின் தொகுதி. நீரில் கரைந்துவரும் கனிமம் படிந்து படிந்து இயற்கையாகவே அணைகளாக எழுந்து நிற்க, அவற்றுக்குள் கடும் நீல நிறத்தில் நீர் தேங்கியிருக்கிறது. 2009 ஏப்ரலில் அது ஆப்கானிஸ்தானின் முதலாவது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்காக முன்னின்று உழைத்தவர்களில் சராபி முக்கியமானவர். 2008 இலேயே டைம் சஞ்சிகை அவரைச் சுற்றுச்சூழல் நாயகர்களின் வரிசையில் சேர்த்திருந்தது. பின்னாளில் பூங்காக் காவலர்களாகப் பெண்களும் நியமிக்கப்பட்டனர்.

வந்தவர்களில் பெரும்பாலோர் காபூலிலிருந்தும் பிற மாகாணங்களிலிருந்தும் விடுமுறைக்கு வந்த ஆப்கானியரே. வெளிநாட்டவரை மட்டும் நம்பி விடுதி நடத்துவோர் அதைக் கவனிக்கலாம்.

தகர்க்கப்பட்ட புத்தர் சிலைகளை மீண்டும் கட்டவேண்டும் என்று அவர் சொன்னாரா?
– வாசகர், அம்பாறை

ஆம், மீளக் கட்டினால் சுற்றுலா வளரும், அயலூர்கள் பயன்பெறும் என்பது அவர் கருத்து. 55 மீற்றர், 38 மீற்றர் உயரமான இரு சிலைகள் நின்ற பள்ளத்தாக்கு 2003 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆனால் சிதறிய துண்டுகளில் எவ்வளவு மூலப்பொருள் எஞ்சியுள்ளது என்ற கேள்வியாலும் செலவாலும், வெறுமையான மாடங்களை உறுதிப்படுத்திக் காப்பதிலேயே யுனெஸ்கோ நின்றது.

புகழுரைகளையே எழுதுகிறீர்கள். அவர் மீது குறையே இல்லையா?
– வாசகர், கல்முனை

உண்டு, பாமியன் மக்களே அதை வீதியில் இறங்கிச் சொன்னார்கள். மின்சாரம் இல்லாததைக் கண்டித்து நகரின் சந்தியொன்றில் மாபெரும் அரிக்கன் இலாம்பு ஒன்றை நிறுவினார்கள். தார் காணாத வீதிக்கு, வீட்டுச் சுவருக்குப் பூசும் மண்சாந்தைப் பூசிக் கேலிசெய்தார்கள். ஆளுநர் வெளிநாட்டு மாநாடுகளுக்குப் போகிறார், நாங்கள் இருளில் இருக்கிறோம் என்ற பேச்சும் எழுந்தது. அந்தக் கோபத்தை நாம் குறைகூற மாட்டோம். கல்லெறியாமல் இவ்வாறு எதிர்ப்புக் காட்டக்கூடிய மாகாணமாக அது இருந்தது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஆயினும் குறையின் வேர் சராபியின் அலுவலகத்தில் இல்லை. கொடையாளர் நாடுகள் தத்தம் படைகள் நின்ற மாகாணங்களிலேயே பணத்தைக் கொட்டின. ஹெல்மண்டிலும் கந்தகாரிலும் சண்டை உக்கிரமாக நடந்ததால் அங்கே பணம் பெருகியது. அமைதியாக இருந்த பாமியனுக்கு, சிறிய நாடான நியூசிலாந்து கொடுக்கக்கூடியதே கிடைத்தது. அமைதி காத்ததற்குத் தண்டனையா என்று சராபி பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தார். 2011 ஜூலையில் வெளிநாட்டுப் படைகளிடமிருந்து பாதுகாப்புப் பொறுப்பு ஆப்கான் படைகளிடம் முதன்முதலில் கையளிக்கப்பட்ட மாகாணம் பாமியன்தான். அந்தப் பெருமையோடு பெரிய நிதி எதுவும் கூட வரவில்லை.

பாமியனின் அமைதி மாகாண எல்லையோடு முடிந்துவிடுவது என்பது மற்றொரு துயரம். காபூலுக்குப் போகும் இரு பாதைகளும், கோர்பந்த் பள்ளத்தாக்கு வழியாகச் செல்வதும் வார்தக்கின் ஜல்ரேஸ் வழியாகச் செல்வதும், தலிபான்கள் மறிக்கும் பாதைகளாயின. பாமியன் மாகாண சபைத் தலைவர் ஜவாத் ஸஹாக் 2011 ஜூனில் கோர்பந்த் வழியில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். 2012 ஆகஸ்டில் மாகாணத்தின் வடகிழக்கில் நியூசிலாந்துப் படையினர் ஐவர் உயிரிழந்தனர். சொந்த மாகாணத்தில் பாதுகாப்பாக இருந்தாலும் வெளியே போக வழியில்லாத நிலையை, சோதனைச் சாவடிகளுக்கு இடையே வாழ்ந்த எமது தலைமுறையினர் நன்கறிவர்.

அவரிடம் நாம் காணும் குறை வேறு. கல்வி, பெண்கள், சுற்றுச்சூழல் என்று தமக்குப் பழக்கமான, கொடையாளருக்கும் விருப்பமான துறைகளில் அவர் துலங்கினார். உருளைக்கிழங்கே பெரும் பயிராகவுள்ள ஒரு விவசாய மாகாணத்தில் சந்தை, களஞ்சியம், வீதி ஆகியவற்றுக்காகக் காபூல் அமைச்சுகளோடு முட்டிமோதுவதில் அதே வெற்றியை அவரால் காட்ட முடியவில்லை.

இப்போது அவர் எங்கே? அவர் செய்தவை எஞ்சியுள்ளனவா?
– வாசகி, ஏறாவூர்

2013 இல் ஆசியாவின் பெருமைக்குரிய மக்சேசே விருது அவருக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டு ஆளுநர் பதவியை விட்டு, 2014 ஜனாதிபதித் தேர்தலில் ஸல்மாய் ரசூலின் அணியில் துணை ஜனாதிபதி வேட்பாளராக நின்றார். அவ்வணி மூன்றாம் இடத்தையே பெற்றது. பின்னர், தலிபான்களோடு சமாதானம் பேசுவதற்காக அமைக்கப்பட்ட உயர் சமாதான சபையில் பொறுப்பு வகித்தார். 2020 செப்டெம்பரில் டோஹாவில் தலிபான்களோடு பேசிய அரச குழுவில் இருந்த நான்கு பெண்களில் ஒருவர் அவர். 2021 மார்ச்சில் மொஸ்கோ மாநாட்டுக்குச் சென்ற தூதுக்குழுவில் அவர் ஒருவரே பெண். அந்த ஆகஸ்டில் அரசு வீழ்ந்து, தலிபான்கள் மீண்டும் ஆட்சிக்கு வந்தார்கள். இப்போது நாட்டுக்கு வெளியிலிருந்தே ஆப்கான் பெண்களுக்காகக் குரல் கொடுத்துவருகிறார்.

எஞ்சியவற்றைப் பற்றி எழுதுவது மனதுக்கு இதமானதல்ல. அவர் அமைச்சராக இருந்த பெண்கள் விவகார அமைச்சின் கட்டடத்தில் 2021 செப்டெம்பரில் நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும் அமைச்சின் பெயர்ப்பலகை தொங்கியது. ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளின் பள்ளிகள் மூடப்பட்டன. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகங்களும் அவர்களுக்கு மூடப்பட்டதோடு, தொண்டு நிறுவனங்களில் பெண்கள் வேலைசெய்வதும் தடுக்கப்பட்டது. சராபி தமது பணியைத் தொடங்கிய துறையே அது. 2023 ஆகஸ்டில் பந்த்-இ-அமீர் பூங்காவுக்குப் பெண்கள் வரக்கூடாது என்று தலிபான்கள் அறிவித்தார்கள். ஆனால் அவர் காலத்தில் பள்ளி சென்று முடித்த பெண்கள் இருக்கிறார்கள். மறைவான வகுப்புகள் இப்போதும் நடக்கின்றன; முன்பு பெஷாவரிலிருந்து நடத்தியதைப் போலவே, இன்று இணையவழியாலும் நடத்துகிறார்கள்.

அவருக்குப் பின்னர் வேறு பெண் ஆளுநர்கள் இருந்தார்களா?
– வாசகர், வாழைச்சேனை

இருவர் இருந்தனர். 2015 இல் ஜனாதிபதி அஷ்ரப் கனி, தைகுண்டி மாகாணத்துக்கு மசூமா முராதியையும் கோர் மாகாணத்துக்கு சீமா ஜொயெந்தாவையும் நியமித்தார். ஜொயெந்தா உள்ளூர் எதிர்ப்பின் நடுவே அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே மாற்றப்பட்டார். முராதி 2017 வரை தாக்குப்பிடித்தார். ஜனாதிபதியின் கையெழுத்தால் வரும் பதவி அதே கையெழுத்தால் போகும் என்பதால், சராபி எட்டு ஆண்டுகள் இருந்ததையே நாம் அசாதாரணமானதாகக் கருதுகிறோம். எமது நாட்டில், மட்டக்களப்பின் அரசாங்க அதிபராக இருந்த திருமதி பி.எஸ்.எம். சார்ள்ஸ் பின்னர் வட மாகாண ஆளுநரானதைப் பல வாசகர்கள் சுட்டிக்காட்டியிருந்தார்கள். அவர் நிர்வாக சேவையின் ஏணியில் ஏறிச் சென்றவர்; அகதி முகாம் வகுப்பறையிலிருந்து நேரே அரச பதவிகளுக்கு வந்தவர் சராபி.